அணத்தான் குட்டிக்கு மஞ்சள் குளியல்

ஊரில் யார் வீட்டுக் காபியும் செவ்வந்திக்கு இறங்காது. "வோணாம்மா, இப்பத்தான் குட்ச்சிட்டு வந்தேன்" என்று பொய் சொல்லித் தப்பிப்பாள். நாற்பத்திரண்டு வயது வரை நாற்று நட்டு வயிறு கழுவியவள்தான். சேற்றில் நிற்பாள், அழுக்கில் நிற்கமாட்டாள்.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள். திருப்புலிவனம் பக்கத்து முள்காட்டுக் குன்றில் மூங்கில் அணத்தானை ஆராய வந்த கீர்த்திக்கு உதவியாள். அணத்தான் பார்க்க அணில் மாதிரி. முதுகில் கோடு கிடையாது, மூஞ்சி நீளம். பேரில்தான் மூங்கில், பிழைப்பெல்லாம் தரையில் சருகைக் கிளறிப் பூச்சி தின்பது. அதன் புழுக்கையைப் பொறுக்கி, டீ வடிகட்டியில் அலசி, வண்டுக் காலையும் எறும்புத் தலையையும் பிரிக்க வேண்டும். முதல் வாரம் செவ்வந்திக்குச் சோறே செல்லவில்லை.

பங்குனியில் பாறை இடுக்கில் இரண்டு குட்டிகள் தென்பட்டன. கீர்த்தி அதுவரை அணத்தான் குட்டியைப் பார்த்ததே இல்லை. எதிரே கேமராவைக் கட்டிவிட்டு, "கிட்ட போகாதீங்கக்கா" என்று சொல்லிச் சென்னைக்குக் கிளம்பினாள்.

மறுநாள் பகல் முழுக்கத் தாய் வரவில்லை. செவ்வந்தி குனிந்து பார்த்தாள். குட்டிகள் மேல் பிசுக்கு, மூத்திர நாற்றம்.

"த்தூ! பெத்துப் போட்டுட்டு எங்க மேஞ்சிக்கினு கீறா? நாய்கூட நக்கித் தொடைக்குமே!"

மனசு கேட்கவில்லை. வீட்டிலிருந்து வெந்நீரில் மஞ்சள் கரைத்து எடுத்து வந்து, பச்சைக் குழந்தைக்குச் செய்வதுபோல் துடைத்து, சாம்பிராணிப் புகை காட்டி, திரும்ப உள்ளே வைத்தாள்.

கீர்த்தி வந்தபோது இடுக்கு காலி. பாறைமேல் உட்கார்ந்து இருவரும் படத்தைப் பார்த்தார்கள். தாய் வந்தது. குட்டிகளை முகர்ந்தது, பின்வாங்கியது, மறுபடி முகர்ந்தது. அப்புறம் ஒன்றைத் தின்று முடித்துவிட்டு இன்னொன்றையும் தின்றது.

"அய்ய! பெத்ததையே துன்னுதே, இதுவும் ஒரு ஜென்மமா!" செவ்வந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கீர்த்தி படத்தைப் பின்னால் ஓட்டினாள். செவ்வந்தியின் கை வந்தது. கிண்ணமும் துணியும் வந்தன.

"நாத்தம் தாங்கல பாப்பா, அதான் தொடச்சேன்."

"வேற நாட்டு அணத்தான்ல தாய் ரெண்டு நாளைக்கு ஒருதரம்தான் பால் குடுக்க வரும்க்கா. அந்த நாத்தம் அது தடவி வெச்சது. அது போயிட்டா தன் குட்டின்னு தெரியாது, தின்னுடும். இதுவும் அப்படித்தான் போல."

செவ்வந்தி தன் விரல்களைப் பார்த்தாள். நகக்கண்ணில் மஞ்சள் அப்படியே இருந்தது. எழுந்து புதர் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தாள்.