கட்டி கரைந்துவிட்டது என்று சொன்னேனே, அது பொய்

சபையாரே, இதே இடத்தில் நின்று ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு சாட்சி சொன்னேன். அது பொய். இன்றைக்கு உண்மையைச் சொல்ல வந்திருக்கிறேன்.

1976-ல் மலைப்பாதையில் எங்கள் பஸ் பள்ளத்தில் கவிழ்ந்தது. என்னோடு ஒரே சீட்டில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் போய்விட்டார். எனக்குக் கையில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். பிள்ளையும் இல்லை. அதற்குப் பிறகு நான் பஸ் ஏறவில்லை. டீசல் வாடை வந்தாலே வந்த வழியே திரும்பி நடந்துவிடுவேன். பள்ளி விடுதியில் துணி தேய்க்கிற வேலை. யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டால் "சோலி கெடக்கு" என்று வெடுக்கென்று சொல்லிவிடுவேன். பிறகு யாரும் கூப்பிடவில்லை.

1981-ல் இடது மார்பில் கட்டி. "புற்றுநோயா இருக்கலாம், உடனே மதுரைக்குப் போங்க" என்று டாக்டர் கடிதம் கொடுத்தார். மதுரை என்றால் பஸ். நான் சாவுக்குப் பயப்படவில்லை, பஸ்ஸுக்குத்தான் பயந்தேன்.

மூன்று ஞாயிறு நீங்கள் எனக்காக ஜெபித்தீர்கள். மூன்று தடவை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்த் திரும்பினேன். நாலாவது ஞாயிறு நம் போதகரின் மனைவி ஐயரம்மா, "எப்ப மதுரைக்குப் போறீங்க? கூட நானும் வாரேன்" என்று கேட்டார்கள். பயமென்று சொல்ல வெட்கம். சாட்சி நேரத்தில் எழுந்து, கட்டி கரைந்துவிட்டது, ஆண்டவர் சுகம் தந்தார் என்று சொல்லிவிட்டேன். எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னீர்கள். அடி பாவி! எனக்கான ஜெபத்தை நானே நிறுத்திவிட்டேன். வலிக்கிறது என்று சொல்லக்கூட அதன் பிறகு ஒரு ஆள் இல்லை. என் வீட்டுக்காரரைப் புதைத்த வாரத்தில்கூட நான் அவ்வளவு தனியாக இருந்ததில்லை.

ஆறு மாதம் போனது. ஒரு நாள் இஸ்திரிப் பெட்டியைத் தூக்க முடியவில்லை. துணிக் குவியலில் உட்கார்ந்து அழுதேன். "ஆண்டவரே, பஸ் இல்லாமல் மதுரைக்கு ஒரு வழி காட்டும்." கிறுக்கு ஜெபம்தான்.

மறுநாள் விடுதிக்குப் பழம் கொண்டுவரும் செல்லத்தாயி கூடையை இறக்கினாள். மலைச்சரிவில் ரோடே இல்லாத வெள்ளகவி என்கிற ஊர்க்காரி. "என்னக்கா, மொகம் வெளிறிக் கெடக்கு?" என்றாள். நம் சபையாள் இல்லை, அதனால் அவளிடம் சொல்ல முடிந்தது. பொய்யையும் சேர்த்துக் கொட்டினேன்.

"இம்புட்டுத்தானா? எங்க ஊருக்கு எந்த பஸ்ஸு வருதாம்? பெரியகுளத்துக்கு நாங்க நடந்துதானக்கா எறங்குறோம். நாளைக்கு வெள்ளனே கெளம்புங்க."

"பெரியகுளத்துல பஸ் ஏறணுமேடி?"

"அங்க ஏதுக்கா பள்ளம்? தரையில ஓடுற பஸ்ஸு. நான் பக்கத்துல உக்காந்துக்கிறேன்."

இந்த மலையில் பிறந்த எனக்கு அந்தப் பாதை தெரியாதா? தெரியும். பயம் அதைக்கூட மறக்கடித்திருந்தது.

இரண்டு நாள் நடந்தோம். அவர்களுக்கு ஊரே கோயில் மாதிரி, உள்ளே யாரும் செருப்புப் போடுவதில்லை. நானும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். வெறுங்காலோடு நடந்து என் ஆண்டவரைத் துதித்தேன். பெரியகுளத்தில் பஸ் ஏறி, மதுரை வரைக்கும் கண்ணை மூடி அவள் கையை நெரித்துக்கொண்டிருந்தேன்.

மதுரை டாக்டரம்மா கடிதத்தின் தேதியைப் பார்த்துக் கோபப்பட்டார். "ஏம்மா இத்தனை மாசம்?" காரணத்தைச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "நோய விட அந்தப் பயந்தாம்மா உங்கள கொல்லப் பாத்திருக்கு. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா என் கையில ஒண்ணுமில்ல." ஆபரேஷன் செய்தார்கள், கரண்ட் வைப்பது என்பார்களே, அந்தக் கதிர்வீச்சுச் சிகிச்சை கொடுத்தார்கள். பிழைத்தேன். வெளியூர்ச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தேன் என்று உங்களிடம் இன்னொரு பொய்.

வருஷா வருஷம் பரிசோதனைக்கு நடந்தே இறங்குகிறேன். பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், போகவில்லை. அதையும் கூட்டிக்கொண்டுதான் ஆண்டவர் என்னை நடத்துகிறார்.

ஏன் இன்றைக்குச் சொல்கிறேன்? போன வாரம் நம் சபையில் ஒரு தங்கச்சி என் கையைப் பிடித்து, "உங்களுக்குக் கரைஞ்ச மாதிரி எனக்கும் கரையும்கா, நான் ஆஸ்பத்திரிக்குப் போகல" என்றாள். ஐயோ, என் பொய்யை நம்பி அவள் உட்கார்ந்திருக்கிறாள்!

உள்ளதை உள்ளபடி ஆண்டவரிடம் கேளுங்கள். கிறுக்கு ஜெபமானாலும் அவர் கேட்பார். தங்கச்சி, பேர் சொல்ல மாட்டேன். மதுரை ஆஸ்பத்திரிக்குச் சேர்ந்தே போவோம், வியாழக்கிழமை நீ பெரியகுளம் பஸ்ஸுல வா. நான் செவ்வாய்க்கிழமையே நடந்து எறங்கி, அங்க உனக்காக நிப்பேன்.