சித்தி கையில் தெறித்த பொறி

ஜோஷ்வாவைக் கட்டிக்கொண்டு இலத்தூருக்கு வந்தபோது பொன்செல்விக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது. அவனுடைய முதல் மனைவி காய்ச்சலில் இறந்துபோயிருந்தாள். ஆறு வயது மகள் அக்சா புதிதாக வந்தவளைச் சித்தி என்று கூப்பிட்டாள். ஆனால் பக்கத்தில் வரமாட்டாள். பொன்செல்வியும் அவசரப்படவில்லை. தென்காசியில் மெத்தைக் கடை வேலை முடிந்து வந்ததும், பிள்ளைக்குப் பிடித்த மாதிரி முறுகலாகத் தோசை சுட்டு வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்துகொள்வாள்.

மாசி மாதம், காற்று காய்ந்து கிடந்த ஒரு சாயங்காலம், அக்சா தானாகவே சீப்போடு வந்து நின்றாள்.

"சித்தி, சடை போட்டு விடுதியளா?"

பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்த பொன்செல்வி, ஆசையாகப் பிள்ளையின் கன்னத்தைத் தொட்டாள். 'டப்'பென்று ஒரு பொறி. அக்சா துள்ளி விலகி உள்ளே ஓடினாள்.

"அப்பா, சித்தி கை குத்துது!"

அதோடு சரி, பிள்ளை கிட்டவே வரவில்லை. பொன்செல்விக்குச் சோறு இறங்கவில்லை. கடையிலும் மெத்தைக்கு பிளாஸ்டிக் உறை போட்டுவிட்டு இரும்பு ரேக்கைத் தொட்டால் இப்படித்தான் சுரீரென்கிறது. தன் உடம்பில்தான் ஏதோ கோளாறோ?

கடையில் பில் போடும் புவனேஷ் இயற்பியல் படித்தவன். நடந்ததைச் சொல்லி அவனிடம் கேட்டாள்.

"உங்க உடம்புல ஒண்ணுமில்லக்கா. எல்லாப் பொருள்லயும் எலக்ட்ரான்னு கண்ணுக்குத் தெரியாத பொடி இருக்கு. ரெண்டு பொருள் உரசினா ஒண்ணுலேருந்து இன்னொண்ணுக்குத் தாவிரும். அதனால வாறதுதான் மின்னூட்டம். நைலான் சேலையோட பிளாஸ்டிக் சேர்ல உரசி எந்திரிச்சிருக்கிய. கால்ல ரப்பர் செருப்பு. அது மின்னூட்டத்தைத் தரைக்கு விடாது. உடம்புல தங்கினது, பிள்ளையைத் தொட்டதும் பாய்ஞ்சிட்டு."

"பிள்ளைக்கு ஒண்ணும் ஆவாதே?"

"ஆவாது. சும்மா ஒரு குத்துதான். தொடுததுக்கு முன்னால சாவியைக் கையில பிடிச்சு ஜன்னல் கம்பியில வைங்க. பொறி அங்கன போயிரும்."

அன்று வீட்டுக்கு வந்த பொன்செல்வி பிள்ளையைக் கூப்பிடவில்லை. காகிதத்தைப் பொடியாகக் கிழித்துத் தரையில் போட்டாள். தன் தலையைப் பரபரவென்று சீவி, சீப்பை மேலே காட்டினாள். துண்டுகள் துள்ளி ஒட்டின. கதவோரம் நின்ற அக்சா மெல்ல நகர்ந்து வந்தாள்.

"அது எப்படி ஒட்டுது?"

"முடியிலிருந்த எலக்ட்ரான் சீப்புக்கு வந்துட்டு. அதான் பேப்பரை இழுக்குது."

"உங்க முடி ஏன் நட்டுக்கிட்டு நிக்குது?"

"எல்லா முடிக்கும் ஒரே மாதிரி மின்னூட்டம் வந்துட்டுல்லா, அதான் ஒண்ணையொண்ணு தள்ளுது. வேற வேறயா இருந்தா இழுத்துக்கிடும். அன்னைக்கு உன்னைக் குத்தினதும் இதுதாம்ட்டி."

சாவியை ஜன்னல் கம்பியில் வைத்து எடுத்துவிட்டு, உள்ளங்கையை நீட்டினாள். அக்சா கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரு விரலால் தொட்டாள். ஒன்றும் இல்லை. முழுக் கையையும் வைத்தாள். பிறகு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். பறந்த முடியைத் தண்ணீர் தொட்டு அடக்கி, பொன்செல்வி சடை பின்னினாள்.

ஆனியில் சாரல் விழுந்ததும் மூன்று பேரும் குற்றாலத்துக்குப் போனார்கள்.

"இப்போல்லாம் ஏன் பொறி வரல சித்தி?"

"காத்துல ஈரம்லா. மின்னூட்டம் சேருததுக்குள்ள கசிஞ்சு போயிரும்."

அருவிக்கரையில் நல்ல கூட்டம். "ஏட்டி, அப்பா கையைப் பிடிச்சுக்கோ" என்றான் ஜோஷ்வா.

"நான் சித்தியைப் பிடிச்சிருக்கேன்ப்பா" என்றாள் அக்சா.