கறுப்புச் சட்டைக்காரரின் ஆறு கால பூஜை

எங்கள் ஊர் சிவன் கோயிலுக்கு நேர் எதிரே அப்பா தையல் கடை வைத்திருந்தார். கடைத்தெருவில் இடம் கிடைக்காததால்தான் அங்கே போனார். கோயிலைப் பார்த்துக்கொண்டே இருபது வருஷத்துக்கு மேல் மிஷின் மிதித்தவர் ஒரு நாளும் உள்ளே காலெடுத்து வைத்ததில்லை. கறுப்புச் சட்டை போடுவார். கடை பெஞ்சில் கட்சிப் பத்திரிகை கிடக்கும். சாமி இல்லை என்பதை யாராவது கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். ஆனால் திருவிழாவுக்குச் சாமி குடைக்குக் குஞ்சம் தைக்க வேண்டுமென்றால் ஆளை அவரிடம்தான் அனுப்புவார்கள். அதே மிஷினில்தான் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்குச் செங்கொடியும் தைத்தார். துணிக்கு மதம் கிடையாது என்பார்.

அம்மா அதற்கு நேர்மாறு. காலையில் குளித்துவிட்டு, அப்பாவின் கடையைத் தாண்டித்தான் கோயிலுக்குள் போவாள். போகும்போது இருவரும் ஒருவரையொருவர் தெரியாதது மாதிரி இருப்பார்கள். திரும்பி வரும்போது, "சாப்பாடு எடுத்து வச்சிருக்கேன், வாங்க" என்று சொல்லிவிட்டுப் போவாள். அந்த வீட்டில் வளர்ந்த எனக்கு, பரீட்சை இல்லாத நாட்களில் சாமி இல்லை. பரீட்சை நாட்களில் உண்டு.

கோயிலுக்குப் பரம்பரைத் தர்மகர்த்தா எங்கள் ஊர் மிராசுதார். அவர் வராமல் அர்ச்சனை ஆரம்பிக்காது. திருவிழாவில் முதல் மரியாதை அவருக்குத்தான். பட்டுத் துணியைப் பரிவட்டமாகத் தலையில் கட்டிக்கொண்டு நிற்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், சாமிக்கே கொஞ்சம் பொறாமையாக இருக்கும். கோயில் நிலங்களில் பாதி அவருடைய ஆட்களின் பெயரில் குத்தகையில் இருந்தது. அவருடைய பக்தியையும் அந்த நிலத்தையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க யாருக்கும் தோன்றியதில்லை.

நான் மன்னார்குடியில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த சமயம், அப்பாவின் கட்சி ஆட்சிக்கு வந்தது. கொஞ்ச நாளில் கோயிலுக்குப் புதிய அறங்காவலர் குழு போட்டார்கள். தலைவர், எங்கள் அப்பா.

அப்பாவே முதலில் ஆடிப்போய்விட்டார். "நான் எப்படிங்க? ஊரே சிரிக்காதா?" என்று மாவட்டத்திலிருந்து வந்த கட்சிக்காரரிடம் கேட்டார். அவர் காபியை ஆற்றியபடியே சொன்னார்: "சாமி இருக்கோ இல்லையோ, சாமிக்கு நெலம் இருக்குல்ல? அத யாரு பாக்கறது?"

அப்பாவுக்கு அது நியாயமாகப் பட்டது. ஒத்துக்கொண்டார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்: கோயிலுக்குள் வர மாட்டேன். அதனால் அறங்காவலர் குழுக் கூட்டம் எல்லாம் தையல் கடையில்தான் நடந்தது. குருக்கள் பெஞ்சில் ஒட்டுத் துணிகளுக்கு நடுவே உட்கார்ந்து, எண்ணெய் எவ்வளவு வேண்டும், திரி எவ்வளவு வேண்டும் என்று சொல்வார். அப்பா மிஷினை நிறுத்தாமல் கேட்டுக்கொள்வார்.

கோபுர வாசலில் ஒரு பலகை இருந்தது. ஆறு கால பூஜை என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரம் போட்டிருந்தார்கள். மிராசுதார் காலத்தில் அதை யாரும் படித்ததில்லை. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, அதுவும் அவர் வருகிற நேரத்தைப் பார்த்து. அப்பா பலகையைப் படித்தார்.

"குருக்களே, ஆறுன்னு எழுதியிருக்கு. மணி ரெண்டு தடவதான கேக்குது?"

"அது அந்தக் காலத்துல எழுதினது தலைவரே."

"அழிக்கலையே? அழிக்காத வரைக்கும் ஆறு நடக்கணும்ல?"

"நீங்க நம்பறதில்லையே..."

"நான் நம்பறனா இல்லையாங்கறது என் விஷயம். நடக்கும்னு எழுதிப் போட்டுட்டு நடத்தலேன்னா அது மோசடி."

பாவம், குருக்கள். கோயில் சம்பளம் காணாமல், பழைய மொபெட் ஒன்றில் சுற்றுவட்டார ஊர்களுக்குப் போய்க் கிரகப்பிரவேசம், ஆயுஷ்ஹோமம் என்று பிழைத்துக்கொண்டிருந்தார். ஆறு கால பூஜை அவர் பிழைப்பில் மண்ணைப் போட்டது. அவரும் ஒரு வழி கண்டுபிடித்தார். அப்பா உள்ளே வர மாட்டார், மணிச் சத்தத்தை வைத்துத்தான் கணக்கு. எனவே காவல்காரரிடம் மணி அடிக்கச் சொல்லிவிட்டு மொபெட்டில் கிளம்பிவிடுவார்.

சில நாட்கள் இப்படியே ஓடின. ஒரு மத்தியானம் உச்சிக்கால மணி கணீரென்று அடித்துக்கொண்டிருந்தபோது, குருக்கள் திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து வந்து கடை வாசலில் மொபெட்டை நிறுத்தினார். அப்பா அவரையும் கோபுரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மறுநாளிலிருந்து, விடுமுறை நாட்களில் உள்ளே போய்ப் பார்த்துவர என்னை அனுப்பினார். நான் ஒழுங்காகக் கோயிலுக்குப் போக ஆரம்பித்தது இப்படித்தான், நாத்திகரான தகப்பனார் வற்புறுத்தி.

"நெய்வேத்தியம் வச்சாரா? தீபாராதனை காட்டினாரா?" என்று திரும்பி வந்ததும் விசாரிப்பார். நானும் சொல்வேன். ஒருநாள் குருக்கள் என்னிடம் மனம் விட்டுப் பேசினார். "பக்தர்கள் கையில கோயில் இருந்த வரைக்கும் நான் நிம்மதியா இருந்தேம்மா" என்றார். அதை அப்படியே அப்பாவிடம் சொன்னேன். அப்பா சிரிக்கவில்லை. குத்தகை நெல் ஒழுங்காக வந்து சேர்ந்ததும், முதல் வேலையாகக் குருக்களின் சம்பளத்தை உயர்த்தச் சொல்லி மேலே எழுதினார். உயர்ந்தது. அதற்குப் பிறகு குருக்கள் மொபெட்டை எடுப்பது குறைந்தது.

இதில் யாரும் எதிர்பார்க்காதது அம்மாவின் பாடுதான். தலைவர் சம்சாரம் ஆகிவிட்டதால் அவளால் நிம்மதியாகக் கண்ணை மூடி நிற்க முடியவில்லை. கண்ணைத் திறந்தால் யாராவது ஒருவர் நிற்பார். "அக்கா, கோயில் எடத்துல ஒரு கொட்டா போட்டுக்கணும், அண்ணன்கிட்ட சொல்லுங்க." "எங்க வீட்டுக்காரருக்குக் குத்தகை மாத்தித் தரச் சொல்லுங்க." பிராகாரத்தைச் சுற்றினால் பின்னாலேயே நாலு பேர் சுற்றினார்கள். அவள் கொஞ்சம் கொஞ்சமாகக் கோயிலுக்குப் போவதை நிறுத்தினாள். வியாழக்கிழமைகளில் பஸ் ஏறி முத்துப்பேட்டை தர்காவுக்குப் போக ஆரம்பித்தாள்.

"உனக்கு அங்க என்ன வேல?" என்று அப்பா கேட்டார்.

"அங்க யாரும் எங்கிட்ட குத்தகை கேக்க மாட்டாங்க. ஓதி, மயில்தோகையால தலையில தட்டி அனுப்பிடறாங்க. நிம்மதியா இருக்கு" என்றாள்.

மிராசுதாரும் வருவதை நிறுத்திவிட்டார். தர்மகர்த்தா பதவி போன மறுநாளே அவருக்கு மூட்டுவலி வந்துவிட்டது. தன் வீட்டுத் தோட்டத்தில் ஒரு பிள்ளையாரை வைத்து, அங்கே பூஜை செய்யக் குருக்களையே வரச் சொன்னார். அவரால் மறுக்க முடியவில்லை. ஆறோடு அது ஏழாவதாகச் சேர்ந்துகொண்டது.

அந்த வருஷம் தை அறுவடையில் கூலித் தகராறு வந்தது. சங்கம் கூடுதல் நெல் கேட்டது. மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கப் பார்த்தார். கீழத்தெருப் பெண்கள் வரப்பை மறித்து நின்றார்கள். போலீஸ் வேன் வந்தது, சிலரைக் கொண்டுபோய் வைத்திருந்து அனுப்பினார்கள். ஒருவழியாகத் தாலுகா ஆபீசில் பேசி முடித்து அறுவடை நடந்தது. அந்தப் புகைச்சல் அடங்குவதற்குள் பங்குனித் திருவிழா வந்துவிட்டது.

சாமி ஊர்வலம் எல்லாத் தெருவுக்கும் போகும், கூலிக்காரர்கள் குடியிருந்த கீழத்தெருவைத் தவிர. வாய்க்கால் மதகு வரை வந்து திரும்பிவிடும். சாதிதான் காரணம். ஆனால் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். தெரு குறுகல், சாமி வண்டி திரும்பாது என்பார்கள். இந்த வருஷம் கீழத்தெருவுக்கும் போகும் என்று அப்பா அறிவித்தார்.

மிராசுதார் மூட்டுவலியோடு தையல் கடைக்கு நடந்தே வந்தார்.

"சாமியே இல்லங்கற ஆளு நீ. அது எந்தத் தெருவுக்குப் போனா ஒனக்கு என்ன?"

"எனக்கு ஒண்ணுமில்லங்க. உங்களுக்குத்தான் ஏதோ பண்ணுது போலருக்கு" என்றார் அப்பா.

மிராசுதாரைச் சமாளித்த அப்பாவால் சங்கச் செயலாளரைச் சமாளிக்க முடியவில்லை. அவர் கீழத்தெருக்காரர். மெலிந்த மனிதர், தலையில் எப்போதும் சிவப்புத் துண்டு. அந்தத் தெரு ஆண்கள் மிராசுதார் எதிரே வந்தால் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டுதான் நிற்க வேண்டும் என்று இருந்த காலத்தில், எடுக்க மாட்டேன் என்று அடி வாங்கியவர். அவருக்கும் சாமி கிடையாது.

"நாங்க கேட்டது கூலி. நீங்க குடுக்கறது சாமி" என்றார். "யாரு கேட்டா தோழர்?"

"உரிமைண்ணே. எல்லாத் தெருவுக்கும் போறது உங்க தெருவுக்கும் வரணும்ல?"

"இல்லாத ஒண்ணு வந்தா என்ன, வராட்டி என்ன? இத்தன நாளா நீங்களும் நானும் மேடையில என்ன பேசினோம்?"

நாத்திகர்கள் இரண்டு பேர், சாமி வரலாமா கூடாதா என்று ஒரு மணி நேரம் சண்டை போட்டார்கள். நான் பித்தான் தைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். அதை முடித்துவைத்தது கீழத்தெரு அம்மாள் ஒருவர். வரப்பு மறியலில் முதல் ஆளாகப் போலீஸ் வேனில் ஏறியவர். ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்தவர், இரண்டு பேரையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சாமி வரட்டும் செயலாளரே" என்றார். "சாமி வரணும்னா வண்டி வரணும். வண்டி வரணும்னா ரோடு போடணும். பொழுது சாஞ்சு வர்ற சாமி, லைட்டு போடணும். மழ பேஞ்சா முழங்கால் சேத்துல போயிட்டு வரோம், எத்தன மனு குடுத்தாச்சு. நம்ம கேட்டா வரல. சாமிக்குன்னா வருமில்ல?"

செயலாளர் அப்பாவிடம், "வண்டி எத்தன அடி அகலம்?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. பஞ்சாயத்து ஆபீசுக்கும் எங்கள் கடைக்கும் அலைந்தார். வண்டி திரும்பும் இடத்தைத் தானே இழைக்கயிற்றால் அளந்தார். "சாமி பள்ளத்துல சாஞ்சா யாரு பொறுப்பு?" என்று அதிகாரிகளைக் கேட்டார். இரண்டு வாரத்தில் மண் அடித்து, கப்பி போட்டு, தெருக் கோடி வரை கம்பம் நட்டு விளக்கு எரிந்தது.

ஊர்வலத்தன்று சாயங்காலம், மிராசுதாரின் ஆட்கள் வண்டி இழுக்க வரவில்லை. சங்கத்து இளைஞர்கள் இழுத்தார்கள். மதகில் ஒரு கணம் வண்டி நின்றது. காலகாலமாக அங்கே திரும்பிப் பழகிய குருக்கள் அப்பாவைத் தேடித் திரும்பிப் பார்த்தார். "போகலாமா தலைவரே?" என்று கேட்டார். அப்பா வண்டிக்குப் பத்தடி தள்ளி, கறுப்புச் சட்டையோடு, சம்பந்தமில்லாதவர் போல நடந்துவந்துகொண்டிருந்தார். "வெளிச்சம் இருக்குல்ல, போங்க" என்றார்.

வாசல்தோறும் கோலம் போட்டிருந்தார்கள். கீழத்தெரு நடுவில் வண்டி நின்றதும் சிக்கல் வந்தது. அங்கே முதல் தீபாராதனை, முதல் மரியாதை. யாருக்குப் பரிவட்டம் கட்டுவது? குருக்கள் பட்டுத் துணியை எடுத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தார். அப்பா இரண்டடி பின்னால் போனார்.

"எனக்கு வேணாம்."

"யாருக்காவது கட்டித்தான் ஆகணும். கட்டாம வண்டி நகரக் கூடாது."

அப்பா செயலாளரைப் பிடித்து முன்னால் தள்ளினார். "உங்க தெரு, உங்களுக்குத்தான்."

"துண்ட எடுங்கோ" என்றார் குருக்கள், வழக்கமான முறையில்.

செயலாளர் தலைத்துண்டின் மேல் கைவைத்துக்கொண்டார். "இத நான் யாருக்கும் எடுத்ததில்ல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்பது மாதிரி மெதுவாகச் சொன்னார்.

குருக்கள் பட்டையும் அந்தச் சிவப்புத் துண்டையும் பார்த்தார். வேர்த்துக் கொட்டியது. சாஸ்திரத்தில் இதற்கு என்ன இருக்கிறது என்று யோசித்தாரோ, அடுத்த கால பூஜைக்கு நேரமாகிறதே என்று யோசித்தாரோ தெரியாது. "சரி, குனியுங்கோ" என்று சொல்லி, சிவப்புத் துண்டின் மேலேயே பரிவட்டத்தைச் சுற்றிக் கட்டினார். செயலாளர் சங்கக் கூட்டத்தில் நிற்பதுபோல் விறைப்பாக நின்றார். பெண்கள் குலவையிட்டார்கள். அப்பா கம்பத்து விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. கேட்டபோது கற்பூரப் புகை என்றார்.

பிறகு ஆட்சி மாறியது. குழுவும் மாறியது. மிராசுதாரின் மருமகன் தலைவரானார். மிராசுதாரின் மூட்டுவலி குணமாகி அவர் மறுபடி கோயிலுக்கு வந்தார். அம்மாவையும் விட்டுவிட்டார்கள், யாரும் எதுவும் கேட்பதில்லை. அவள் காலையில் கோயிலுக்கும் வியாழக்கிழமை தர்காவுக்கும் போனாள். "அங்கயும் பழகிட்டேன், திடீர்னு நிறுத்தினா நல்லாயிருக்காது" என்றாள், உறவுக்காரர் வீட்டைச் சொல்வதுபோல.

அடுத்த பங்குனியில் நேரமில்லை என்று சொல்லி வண்டியை மதகிலேயே திருப்பப் பார்த்தார்கள். கீழத்தெருப் பெண்கள் மதகின்மேல் உட்கார்ந்துவிட்டார்கள். மருமகன் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும்போது மிராசுதாரே முன்னால் வந்தார். கூட்டுறவுச் சங்கத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. அதில் அவரும் வேட்பாளர். கீழத்தெருக்காரர்கள் எல்லாரும் அதில் உறுப்பினர்கள்.

"சாமி போற எடத்துக்குக் குறுக்க நிக்கறதுக்கு நாம யாரு? விடு மாப்ள" என்றார்.

வண்டிக்குப் பின்னால் அவரும் நடந்து வந்தார். பிறந்ததிலிருந்து அந்த ஊரிலேயே இருந்தவர், அந்தத் தெருவை அன்றைக்குத்தான் உள்ளே வந்து பார்த்தார். ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்தாரே, அந்த அம்மாள் ஒரு செம்பு மோர் கொண்டுவந்து நீட்டினார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. மிராசுதார் செம்பைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், வாங்கிக் குடித்தார்.

செம்பைத் திருப்பி வாங்கிக்கொண்டு அந்த அம்மாள் சொன்னார்: "அடுத்த வருசம் சாமிக்கு அபிசேகம் வைக்கலாம்னு தெருவுல பேசிக்கிறாங்க. தண்ணிதான் இல்ல. ஒரு கொழாய் போட்டுக் குடுத்துடுங்க."

தேர்தலுக்கு முந்தின வாரம் குழாய் வந்தது. தண்ணீர் வருவதற்குத்தான் அதற்கடுத்த தேர்தல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.