முனியப்பன் கோயிலில் நின்ற நேரம்

பாலக்கோட்டில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் எனக்கு வேலை. ஊராருக்கெல்லாம் சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறவள், ஒரு நாள் ஆள் வராத நேரத்தில் என் ரத்தத்தையே எடுத்துப் பார்த்தேன். வந்த எண் பிடிக்கவில்லை. டாக்டர் நடக்கச் சொன்னார். நடந்து சலித்துப்போய் ஓட ஆரம்பித்தேன். நாற்பதை நெருங்குகிற பெண் சுடிதாரும் ஷூவுமாக ஊர் ரோட்டில் ஓடினால் என்ன பேசுவார்கள் என்று தெரியாதா? பேசட்டும் என்று விட்டேன். ஒரு நாளில் எனக்கென்று இருந்தது அந்த விடியற்காலை அரை மணி நேரம்தான்.

கொஞ்ச நாளில், எவ்வளவு தூரம் ஓடுகிறேன், என்ன வேகம் என்று தெரிந்துகொள்ள ஆசை வந்தது. முதலில் போட்ட செயலி கிலோமீட்டருக்கு ஒரு தரம் இங்கிலீஷில் கத்தியது. ரோட்டோரம் லாரியில் தக்காளி ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதன் வாயை அடைக்கத் தெரியாமல் அழித்துவிட்டேன். அடுத்தது நான் ஏரிக்குள் இறங்கி ஓடியதாகக் கோடு போட்டது. அதையும் அழித்தேன்.

உண்மையான சிக்கல் முனியப்பன். ஊர் எல்லையில் புளியமரத்தடியில் இருக்கிறார். அவரைத் தாண்டிப் போகும்போது நின்று கும்பிடாமல் போகிற பழக்கம் எங்களுக்கு இல்லை. ஷூவைக் கழற்றி, கும்பிட்டு, திருநீறு பூசி, திரும்ப மாட்டிக் கயிறு கட்டுவதற்குள் என் வேகமெல்லாம் போய்விடும். நான் ஊர்ந்து போனதாகத்தான் கணக்கு வரும். என்னோடு வேலை செய்கிற பெண்ணிடம் புலம்பினேன்.

"முனியப்பன்கிட்டயே சொல்லிப் பாருங்கக்கா, கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லி" என்று சிரித்தவள், என் போனை வாங்கி வேறொன்றைப் போட்டுக் கொடுத்தாள். "நீங்க நின்னா இதுவும் நின்னுக்கும். ஓடுனா ஓடும்."

அது எனக்குப் பிடித்துப்போனது. ஓடிய வழியை வரைபடத்தில் சிவப்புக் கோடாகக் காட்டும். ஓடி முடித்ததும் தூக்கிய கட்டைவிரல் ஒன்று அதில் வந்து நிற்கும். செயலியே உற்சாகப்படுத்துகிறது என்று நினைத்துக்கொண்டேன். கட்டைவிரலுக்குப் பக்கத்தில் இருந்த சின்னப் படத்தில் ஒரு பைக் மட்டும் இருந்தது, முகம் இல்லை.

ஒரு நாள் தூறல். ஷூவைக் கழற்றாமல், ஓடியபடியே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன். அன்று சாயங்காலம் அந்த பைக் படத்துக்குப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. "இன்னிக்கி முனியப்பன் கோயில்ல நிக்காம போயிட்டீங்களே அக்கா."

அப்படியானால் அது செயலி இல்லை, எவனோ ஒரு ஆள். செயலியைப் பார்த்துச் சொன்னானா, ரோட்டில் நின்று பார்த்துச் சொன்னானா? அவன் கண்ணால் அந்த வரைபடத்தைத் திரும்பப் பார்த்தேன். சிவப்புக் கோடு எங்கள் வீட்டு கேட்டில் ஆரம்பித்து, எங்கள் வீட்டு கேட்டில் முடிந்தது. தினமும், ஒரே நேரத்தில்.

"எல்லாரும் பாக்குற மாதிரியே வுட்டு வெச்சிருக்கீங்கக்கா. நானும் கவனிக்கல" என்றாள் போட்டுக் கொடுத்த பெண். இருவரும் சேர்ந்து அதை அழித்தோம். ஆனால் அவனுக்குத் தெரிந்ததை எப்படி அழிப்பது?

வீட்டுக்காரருக்கு ஓசூரில் கம்பெனி வேலை. சனிக்கிழமைதான் வருவார். அவரிடம் சொல்லியிருக்கலாம். நல்ல மனிதர்தான், அதுதான் தொல்லையே. "ரோட்டுல ஓடறதெல்லாம் வேணாம், வூட்டு மாடியிலயே நட" என்பார், அக்கறையோடுதான். எவனோ ஒருவன் செய்த வேலைக்கு நான் மாடிக்கு ஏற வேண்டும். நினைக்க நினைக்க எனக்கு ஆத்திரமாக வந்தது. அதனால் சொல்லவில்லை.

இந்தத் தடவை நானே தேடினேன். படம் வேண்டாம், கோடு வேண்டாம், கட்டைவிரல் வேண்டாம். தூரமும் வேகமும் மட்டும் காட்டுகிற ஒன்று கிடைத்தது. நின்றால் தானும் நின்றுகொள்கிற வசதி அதில் இல்லை.

ரோட்டை மட்டும் மாற்ற முடியவில்லை. மறுபக்கம் போனால் இரண்டு பக்கமும் ஆளுயரக் கரும்பு. பழைய ரோட்டிலேயே ஓடினேன். வழியில் இருக்கிற டீக்கடையில் நிற்பவர்களில் பாதிப் பேர் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பின்னால் பைக் சத்தம் கேட்டால், அது தாண்டிப் போகும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடுவேன். ஒரு நாள் பால்காரர் வண்டியை மெதுவாக்கி, "ஷூ புதுசாக்கா?" என்றார். பல வருடமாகப் பால் ஊற்றுகிறவர். பதில் சொல்லாமல் ஓடிவிட்டேன். பாவம், என்ன நினைத்திருப்பாரோ.

முனியப்பன் கோயிலில் நிற்பதை விட்டுவிட்டேன். ஷூவைக் கழற்ற ரோட்டுக்கு முதுகைக் காட்டிக் குனிய வேண்டும். என்னால் அது முடியவில்லை. அந்த இடத்தை இன்னும் வேகமாக ஓடிக் கடந்தேன்.

அந்தச் சனிக்கிழமை வந்த வீட்டுக்காரர் என் போனைப் பார்த்தார். "பரவால்லயே, முன்னைக்கு இப்ப நல்லா வேகம் கூடியிருக்குதே" என்றார். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். "நாளைக்கு நானும் கூட வர்றன்."

மறுநாள் அவர் மூச்சு வாங்க வாங்கப் பக்கத்திலேயே ஓடி வந்தார். முனியப்பன் கோயில் வந்ததும் நின்றேன். ஷூவைக் கழற்றினேன். திருநீறு பூசிக்கொண்டு புளியமரத்தடியில் உட்கார்ந்தேன். பைக்குகள் போயின, நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்தான் எழுப்பிக் கூட்டி வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் போனை வாங்கிப் பார்த்தார். வேகம் பாதியாக இறங்கியிருந்தது. அவர் முகம் வாடிவிட்டது.

"எனக்காவத்தான் அங்க உக்காந்துட்ட. என்னாலதான் கெட்டுப்போச்சு. நீ தனியாவே ஓடு, அதான் உனக்கு நல்லா வருது" என்றார்.

"சரிங்க" என்றேன்.