ஊசி பிடித்தால் காது கேட்கும்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுக்கும் சந்திரகலா வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அவள் வீட்டில் கரண்டி விழுந்தால் நான் இங்கிருந்து என்ன ஆயிற்று என்று கேட்பேன். அவளும் பதில் சொல்வாள். பதினாறு வருஷம் இப்படித்தான் குடும்பம் நடத்தினோம். அதனால் அவளைப் பற்றிச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. அவள் வீட்டுக்காரர் ஜெயராஜே இதை ஒப்புக்கொள்வார்.

ஜெயராஜுக்கு ரயில்வேயில் சிக்னல் வேலை. மூன்று பெண் பிள்ளைகள். மூத்தவள் ரமணி, அடுத்தவள் சிவகாமி, கடைக்குட்டி தனலெட்சுமி என்கிற தனம். தீபாவளி வந்தால் மனுஷன் மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுக்குப் போய் ஒரே துணியில் பத்து கெஜம் வாங்கி வந்துவிடுவார். மூன்று பேருக்கும் ஒரே மாதிரி கவுன். வேறு வேறு துணி எடுத்தால் வீட்டில் ரத்த ஆறு ஓடும் என்பது அவர் கட்சி. இதில் மாட்டிக்கொண்டவள் தனம்தான். முதலில் தன் கவுனைப் போட்டுக் கிழிப்பாள். அப்புறம் சிவகாமிக்குச் சின்னதாகிப்போன கவுன் வரும், அதற்கப்புறம் ரமணியுடையது. ஒரே ரோஜாப்பூவை மூன்று அளவில் போட்டு முடிக்க அந்தப் பிள்ளைக்கு ஐந்து வருஷம் பிடித்தது.

கவுன் தைத்த மிச்சத்தைச் சந்திரகலா தூக்கிப் போடமாட்டாள். பிஸ்கட் டின்னில் அமுக்கி வைப்பாள். பாசார் மாலாம் இரவுச்சந்தையில் கிலோ கணக்கில் விற்கும் பேக்டரி வெட்டுத்துணியையும் வாங்கிச் சேர்ப்பாள். எலி கூடு கட்டப்போகிறது என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். எலிக்குப் பதிலாக சிக்கு ரொஹானி வந்தார்.

சிக்கு என்றால் மலாயில் டீச்சர். செவ்வாய்க்கிழமைகளில் பாலாய் ராயா பொதுமண்டபத்தில் பெண்களுக்குத் தையல் வகுப்பு எடுத்தவர் அவர். துண்டுத் துணிகளை ஒன்றோடு ஒன்று இணைத்து, நடுவில் பழைய கம்பளியை வைத்து, அடியில் காடாத்துணி கொடுத்துத் தைக்கும் போர்வையைச் சொல்லிக்கொடுத்தார். தம்பால் செரிபு என்று பெயர், ஆயிரம் ஒட்டு என்று அர்த்தம். நானும் மூன்று வகுப்பு போனேன். மூன்றாவது வகுப்பில் என் போர்வையைப் பார்த்து, கால் துடைக்க நன்றாக இருக்கும் என்றார் சிக்கு. அதோடு நின்றுவிட்டேன். சந்திரகலா நிற்கவில்லை. இந்த ஊர் வெயிலுக்கு யாருக்கடி போர்வை என்று கேட்டால் சிரிப்பாள்.

எண்பத்து நான்காம் வருஷம் ஜனவரியில் பள்ளி திறந்த கொஞ்ச நாளில் ஒரு செவ்வாய்க்கிழமை வகுப்பு முடிந்து வந்தவள், செருப்பைக் கழற்றாமல் நேரே என் அடுப்படிக்கு வந்தாள்.

"அக்கா, ஆகஸ்ட்ல ஷா ஆலம்ல கண்காட்சியாம். பெரிய ஹால்ல ஒரு வாரம் தொங்க விடுவாங்களாம். நம்ம வகுப்புல ஒருத்தர் சாமானத்தான் எடுப்பாங்களாம். சிக்கு என்னுதக் கேட்டிருக்காங்க."

"முடிஞ்சிருச்சா உன்னுது?"

"எங்க முடிஞ்சுச்சு? கால்வாசிகூட ஆவல." செருப்போடு நிற்பதை அப்போதுதான் பார்த்துக் கழற்றினாள். "என் பேரு ஐ.சி. கார்டுல மட்டுந்தான்க்கா இருக்கு. வேற எதுலயும் போட்டதில்ல. இதுல போடுவாங்களாம்."

அவள் எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. அதனால் அந்தப் போர்வை முடிந்தே ஆக வேண்டும் என்று எனக்கே வெறி வந்துவிட்டது. சட்டம் போட்டதும் நான்தான். தினமும் மூன்று மணியிலிருந்து நான்கு மணிவரை அவள் மிஷினில் உட்காருவாள். அந்த ஒரு மணி நேரம் பிள்ளைகள் யாரும் கூப்பிடக் கூடாது. ரத்தம் வந்தால் கூப்பிடலாம், நெருப்புப் பிடித்தால் கூப்பிடலாம், வீட்டுக்கு ஆள் வந்தால் கூப்பிடலாம். மூன்று பிள்ளைகளையும் வரிசையாக நிறுத்திச் சொன்னேன். தனம் மட்டும், "பாம்பு வந்தா?" என்று கேட்டாள். அதையும் சேர்த்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் சுவருக்கு அந்தப் பக்கம் கால் மிஷின் கடகடவென்று ஓடியது. கேட்கவே சுகமாக இருந்தது. மூன்றாவது வாரம் ஓட்டம் குறைந்தது. ஓடும், நிற்கும், ரொம்ப நேரம் சத்தமே வராது. எட்டிப் பார்த்தால் அவள் தரையில் உட்கார்ந்து, தனத்தின் பள்ளிச் சட்டைக்குப் பட்டன் வைத்துக்கொண்டிருப்பாள். மறுநாள் சிவகாமியின் பினஃபோர் ஜிப். அடுத்த நாள் ரமணி பாவாடையின் ஓரம். மறுபடி தனத்தின் பட்டன்.

"நாளைக்கு ஸ்கூலுக்குப் போடணுமே அக்கா, எப்படி அப்படியே விடறது?" என்பாள்.

ஒரு வாரத்தில் ஏழு பட்டன் விழுந்தது. ஏழு பட்டன் விழுவதற்கு அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் மல்யுத்தமா பழகுகிறது? நூல்தான் மட்டம் என்று சந்திரகலா முடிவுகட்டினாள். நூல் உருண்டையைக் கையில் எடுத்துக்கொண்டு முனைக்கடை முதலாளியான சீனத் தவுக்கேயிடம் சண்டைக்குப் போனாள். பக்கவாத்தியத்துக்கு நானும் போனேன். அவர் அரை முழம் நூலை இரண்டு கையிலும் சுற்றி இழுத்தார். நூல் அறுபடவில்லை, விரல்தான் சிவந்தது.

"அக்கா, இந்த நூல் லோரி கூட இழுக்கும் லா," என்றார் தமிழிலேயே.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். தவுக்கே அதைச் சொல்லவில்லை, ஆனால் பார்த்த பார்வை அதுதான். நாங்கள் ஒரு ஜாண் எலாஸ்டிக் வாங்கிக்கொண்டு மரியாதையாகத் திரும்பி வந்தோம்.

இதற்குள் ஜூன் பிறந்துவிட்டது. போர்வை பாதியைத் தாண்டவில்லை. இனி ஒரு நாள் தவறினாலும் ஆகஸ்டுக்கு முடியாது என்று சந்திரகலா விரல் விட்டு எண்ணிச் சொன்னாள்.

மறுநாள் மத்தியானம் பின்பக்கம் துணி காயப்போடப் போனேன். குளியலறைச் சுவரை ஒட்டித் தனம் குந்தியிருந்தாள். மடியில் பள்ளிச் சட்டை. ஒரு பட்டனைப் பிடித்து வலப்பக்கம் எட்டுச் சுற்று சுற்றினாள், பிறகு இடப்பக்கம் எட்டுச் சுற்று. கடைசியில் குனிந்து பல்லை வைத்து ஒரு வெட்டு. லோரி இழுக்கும் நூல் பட்டென்று போயிற்று. ஏழு வயசுப் பிள்ளை, அத்தனை நறுவிசு.

காதைப் பிடித்துத் தூக்கினேன். அழுவாள் என்று பார்த்தால் அழவில்லை.

"ஏன்டி இப்படி செய்யற? அம்மா எவ்ளோ கஷ்டப்படறாங்க, தெரியல?"

"மிஷின் ஓட்டினா அம்மாவுக்குக் காது கேக்காது ஆன்டி. ஊசி புடிச்சாத்தான் கேக்கும்."

"அப்ப உனக்குப் பேசணும்னா பட்டனப் பிய்ப்பியா?"

"நான் மட்டுமா? சிவகாமிக்கா ஜிப்புல பென்சில விட்டு நெம்பறா. ரமணிக்கா சொல்லிக் குடுத்தா."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது. மூன்றும் கூட்டு. ரத்தமும் நெருப்பும் பாம்பும் வராதபோது கிழிசல் வந்தால் அம்மா மிஷினை விட்டு இறங்குவாள் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். சட்டம் போட்டது நான், ஓட்டை கண்டது அவர்கள்.

என் வயிற்றில் எதுவும் தங்காது. ஐந்து நிமிஷத்தில் சந்திரகலாவிடம் சொல்லிவிட்டேன். அவள் முகம் போன போக்கைப் பார்த்து, சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று அன்றைக்குத்தான் முதல்முறையாக எனக்குத் தோன்றியது. தனத்தின் முதுகில் ஒன்று வைத்தாள். பெரியவர்கள் இரண்டு பேரையும் அடிக்கக் கை ஓங்கி, அப்படியே நின்றாள்.

"ஒரு மணி நேரந்தானேடி கேட்டேன்? இருபத்து மூணு மணி நேரம் உங்களுக்குத்தானே இருக்கேன்? அதுகூட எனக்குக் கிடையாதா?"

சொல்லிவிட்டு அழுதாள். நியாயமான அழுகை. இன்றைக்குக் கேட்டாலும் நான் அவள் பக்கம்தான் பேசுவேன். பிள்ளை பெற்றவளுக்கு ஒரு ஆசை இருந்தால் அது குற்றமா என்ன? மூன்று பிள்ளைகளும் சுவரோடு சுவராக நின்றன. ரமணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள்.

சந்திரகலா அந்தக் கண்ணாடியையே பார்த்தாள். ஒரு மாதத்துக்கு முன்னால்தான் அதை வாங்கியிருந்தார்கள். கரும்பலகை மங்கலாகத் தெரிகிறது என்று அந்தப் பெண் ஒரு வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை. வகுப்பில் கடைசி வரிசை, மார்க்கு இறங்கிக்கொண்டே போயிற்று, ஜெயராஜ் அவளைச் சோம்பேறி என்று திட்டிக்கொண்டிருந்தார்.

"கண்ணு தெரியலன்னு நீ என்கிட்ட எப்பச் சொன்ன?" என்று சந்திரகலா கேட்டாள்.

"பாவாட ஓரம் அடிக்கிறப்ப," என்றாள் ரமணி.

சந்திரகலா தரையில் உட்கார்ந்துவிட்டாள். தனம் மெதுவாக வந்து பக்கத்தில் ஒட்டிக்கொண்டாள். அடி வாங்கிய முதுகை அம்மா பக்கமாகவே திருப்பி வைத்துக்கொண்டாள், கெட்டிக்காரி.

நான் ஒரு வழி சொன்னேன். தினமும் மூன்று மணிக்கு மூன்றையும் என் வீட்டில் விடட்டும், நான் கதை கேட்கிறேன் என்றேன். மூன்றும் ஒரே குரலில் வேண்டாம் என்றன. எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை சந்திரகலா சிக்கு ரொஹானியிடம் போய், இந்த வருஷம் முடியாது, வேறு யாருடையதையாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாள். அடுத்த வருஷம் கண்காட்சி வைப்பார்களா என்று தெரியாது, வாய்ப்பை விடாதே என்று சிக்கு எவ்வளவோ சொல்லியிருக்கிறார். கேட்கவில்லை. ஆகஸ்டில் ஷா ஆலம் மண்டபத்தில் வேறொரு அம்மாளின் மேஜைவிரிப்பு தொங்கியது. நான் போய்ப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது, இருந்தாலும் எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சந்திரகலாவோடு பேசவில்லை. சுவர் வழியாக அவள் கூப்பிட்டபோதும் பாத்திரத்தை உருட்டினேன்.

மிஷினை அவள் மூடிப்போட்டு வைத்துவிட்டாள். ஆனால் போர்வையை விடவில்லை. மிச்சத்தைக் கையாலேயே தைத்தாள். மிஷினில் ஒரு நாள் வேலை கையில் ஒரு வாரம் இழுத்தது. மூன்று மணிக்குப் பாயை விரிப்பாள், போர்வையை நடுவில் போடுவாள், மூன்று பிள்ளைகளும் மூன்று பக்கம் உட்கார்ந்துகொள்வார்கள். ஒருத்தி துண்டு எடுத்துக் கொடுப்பாள், ஒருத்தி ஊசி கோப்பாள், தனம் எதுவும் செய்யமாட்டாள், பேசுவாள். சிவகாமிக்குக் கணக்கு வாத்தியாரிடம் பயம். ரமணிக்கு வயசுக்கு வரப்போகிற கவலை, அதைத் தங்கைகளை வெளியே அனுப்பிவிட்டுச் சொன்னாள். தனத்துக்குச் சீன வீட்டு நாய்க்குட்டி வேண்டும். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு எல்லாம் கேட்டது. மிஷின் சத்தத்தைவிட இது தேவலை என்று எப்போது எனக்குப் பட ஆரம்பித்தது என்று தெரியவில்லை. கிளாங்கில் இருக்கிற என் பெரிய மகளுக்கு அந்த வாரம் போன் போட்டேன். என்னம்மா திடீரென்று, உடம்பு சரியில்லையா என்று கேட்டாள்.

எண்பத்து ஐந்தாம் வருஷம் கண்காட்சி வைத்தார்கள். அந்த ஜூலையில் போர்வை முடிந்தது. சிக்கு அதை இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்துவிட்டு, மடித்துத் தன் காரிலேயே எடுத்துப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை ஷா ஆலமுக்குப் பஸ் ஏறினோம். ஜெயராஜுக்கு டியூட்டி. போகும் வழியெல்லாம் சந்திரகலா எங்களுக்குப் பாடம் நடத்தினாள்.

"யாரும் இது எங்கம்மா தெச்சதுன்னு வாயத் தொறக்கக் கூடாது. நான் தள்ளி நிப்பேன். தெரியாதவங்க பாத்துட்டு என்ன சொல்றாங்கன்னு நான் கேக்கணும். சீதாக்கா, உங்களுக்குந்தான்."

நான் வாயைப் பொத்திக் காட்டினேன்.

மண்டபத்தின் இடப்பக்கச் சுவரில், மேலிருந்து கீழ்வரை போர்வை தொங்கியது. நானே அசந்துவிட்டேன். பாயில் கிடந்தபோது அது அவ்வளவு அழகு என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. சந்திரகலா ஒரு தூணுக்குப் பக்கத்தில் முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, யாரோ மாதிரி நின்றாள். மலாய்க்கார அம்மாள் ஒருவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கிட்டப் போனார். கூட இன்னும் இரண்டு பேர். ஹாலுஸ், ஹாலுஸ் என்று தலையாட்டினார்கள். நயமான வேலை என்று பொருள். சந்திரகலா காதில் விழுந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டதை நான் பார்த்தேன்.

அதோடு திரும்பியிருந்தால் அவள் நினைத்து வந்தது நினைத்தபடி நடந்திருக்கும். ஆனால் அதற்குள் தனம் அந்த அம்மாளின் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, பள்ளிக்கூட மலாயில் விளக்கம் கொடுக்க ஆரம்பித்திருந்தாள். இந்த மஞ்சள் துண்டு வைத்த அன்றைக்கு அக்காவுக்குக் கணக்கில் எழுபத்திரண்டு மார்க்கு. இந்தப் பச்சை வைத்த அன்றைக்கு நான் நாய்க்குட்டிக்காக அழுதேன். இந்த வரிசை தைக்கும்போது அம்மாவுக்குக் கோபம், அதனால்தான் தையல் இவ்வளவு நேராக இருக்கிறது. ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். அதட்டிக் கூப்பிடப் போன என் கையைச் சந்திரகலா பிடித்து நிறுத்தினாள்.

"இதை யார் செய்தது?" என்று அந்த அம்மாள் மலாயில் கேட்டார்.

தனம் யோசித்தாள். யார் செய்தது என்று சொல்லக் கூடாதென்று பஸ்ஸில் வாக்குக் கொடுத்திருந்தாளே.

"ஒருத்தர் தைத்தார்," என்றாள் மலாயில். "நாங்கள் பேசினோம்."

"இத்தனை பெரிய போர்வை தைக்கிறவரைக்கும் அப்படி என்ன பேசினீர்கள்?"

தனம் திரும்பி, தூணைப் பார்த்து, மண்டபம் முழுக்கக் கேட்கிற குரலில் தமிழில் கேட்டாள்.

"அம்மா, சொல்லவா?"

அத்தனை தலையும் தூண் பக்கம் திரும்பியது. எனக்குச் சிரிப்பு வந்தது. சந்திரகலா முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"சொல்லு," என்றாள். "நானும் கேக்கறேன்." சொல்லிவிட்டு முன்னால் போய், கூட்டத்தோடு நின்றுகொண்டாள்.