எதிர்மலைக் குரல்

போளூர் சந்தையில் இன்று காய்ந்த புளியின் வாசனை பட்டதும், ஜவ்வாது மலையில் நான் படித்த, இப்போது இல்லாத பள்ளி நினைவுக்கு வந்தது. புளிக் கொட்டகையில்தான் வகுப்பு, தகரக் கூரையில் புளியங்காய்கள் உதிர்ந்துகொண்டிருக்கும், எதிர்மலையிலிருந்து ஆட்கள் கூவிச் சொல்லும் சேதிகள் பாடத்தின் நடுவே இழுத்து இழுத்து வரும்.

அன்று வாத்தியார், டெலி என்றால் தூரம் என்று சொல்லி, டெலிபோன், டெலிகிராம், டெலஸ்கோப் என்று பலகையில் எழுதிவிட்டு வெளியே போயிருந்தார். எதிர்மலையில் யாரோ கூவினார்கள். எதிர்மலைப் பையன் சடையன் எழுந்தான்.

"எங்கப்பாருக்கு ரொம்ப முடியலயாம். வூட்டுக்குப் போய்ட்டு வர்றேன்."

"இன்னாடா, உங்கூட்டு டெலிபோனா? உக்காரு," என்றேன், வகுப்பு லீடரான நான்.

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான்.

மாலையில் அவன் போய்ச் சேர்வதற்குள் அப்பா இறந்துவிட்டார். ஏன் உடனே அனுப்பவில்லை என்று மறுநாள் வாத்தியார் கேட்டார். அவன் என்னிடம் கேட்கவே இல்லை என்றேன்.