ஹமீது ஊதிய சங்கு

எங்கள் தெருவில் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டியிருக்கிறார்கள். மயிலாப்பூர் முழுக்க இப்போது இதே கதைதான். காலையில் பால் வாங்கப் போனவன் அந்த ஈர மண் வாசனையில் அப்படியே நின்றுவிட்டேன். பால் மறந்துபோய் ஹமீது நினைவு வந்துவிட்டது.

யுத்த காலம். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று எங்கள் கல்லூரி மைதானத்தில் பதுங்கு குழி வெட்டியிருந்தார்கள். சைரன் சங்கு ஏறி இறங்கி ஊதினால் அபாயம், பாடத்தை விட்டுவிட்டுக் குழிக்குள் ஓட வேண்டும். ஒரே சீராக ஊதினால் அபாயம் நீங்கியது என்று அர்த்தம், வெளியே வரலாம். மாணவர்களுக்கு இதைவிட நல்ல சட்டம் யார் போடுவார்கள்?

என் சிநேகிதன் ஹமீது இரண்டு கையையும் குவித்து ஊதினால் அசல் சங்கு தோற்றுப்போகும். சரித்திர வகுப்பு அலுத்தால் அவன் வெளியே நழுவுவான். தூணுக்குப் பின்னால் சங்கு ஊதும், நாங்கள் ஓடுவோம். பயந்த முகம் காட்டுவதில் நான் கெட்டிக்காரன். படிப்பில் அப்படிப் பேர் வாங்கியதில்லை.

சரித்திரம் எடுத்த சேஷாத்ரி சார் கொஞ்ச நாள் ஏமாந்தார். பிறகு ஒருநாள் புத்தகத்தோடு குழிக்குள் இறங்கி, அங்கவஸ்திரத்தை விரித்து உட்கார்ந்து பாடத்தை ஆரம்பித்துவிட்டார். மேலேயாவது கடைசி பெஞ்ச் உண்டு. அங்கே அதுவும் இல்லை. மணியடித்தும் விடவில்லை.

"அபாயம் நீங்கின சங்கு இன்னும் ஊதலையேடா, எப்படிப் போறது?" என்றவர் ஹமீதைப் பார்த்தார். "நீ போய் அதையும் ஊதிட்டு வந்துடேன்."

அவன் அசடு வழிய ஏறிப்போய் ஊதினான். அன்று சிரித்த சிரிப்பு!

அந்த ஹமீதுக்குத்தான் படிப்பு நின்றது. குடும்பத்திலேயே கல்லூரிக்கு வந்த முதல் ஆள் அவன். ஜனங்கள் பயந்து ஊரைக் காலி செய்ய, கச்சேரி ரோட்டில் அவன் அத்தாவின் குடைக்கடை ஈயாடியது. ஆம்பூரில் மாமன் வீட்டுக்குக் குடும்பத்தோடு போவதாக முடிவு. சார் கடைக்கே போய் வாதாடினார்.

"உசுரு இருந்தாத்தானே சார் படிப்பு?" என்றார் அத்தா.

விடைபெற வந்தவனிடம் சார் சொன்னார்: "அபாயம் நீங்கின சங்கு ஒண்ணு ஊதிட்டுப் போடா."

ஹமீது கையைக் குவித்தான். மூச்சு ஒரே சீராக நிற்கவில்லை. விம்மி விம்மி, ஏறி இறங்கித்தான் வந்தது. அபாயச் சங்கு. யாரும் ஓடவில்லை. சார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சண்டை முடிந்தது. ஹமீது வரவில்லை. ஆம்பூரில் விசாரித்தேன், அங்கிருந்தும் போய்விட்டார்களாம். சாரும் காலமாகிவிட்டார். குழி இருந்த இடத்தில் இன்று ஸ்கூட்டர்கள் நிற்கின்றன. என் ஹமீது எங்கே இருக்கிறானோ, இருக்கிறானோ இல்லையோ.

"இன்னா பெரியவரே, பள்ளத்தையே பாத்துக்கினு கீறே? எதுனா வுழுந்துட்ச்சா?" என்றார் மண்வெட்டிக்காரர்.

"ஒண்ணுமில்லப்பா."

"அப்ப தள்ளிக்கோ, மூடணும்."

தள்ளி நின்றேன். மண்ணைத் தள்ள ஆரம்பித்தார்கள்.